அறுவைச் சிகிச்சைக்குப் பின் எழும் தோல் கொப்புளமும் புண்கட்டுத் தேர்வும்: நெய்யூரை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

அறுவைச் சிகிச்சை முடிந்து தையலிட்ட புண்ணின்மேல் இடப்படும் கட்டின் ஓரங்களில் சிலருக்குக் கொப்புளங்கள் எழுகின்றன. இடுப்பு, முழங்கால் அறுவைகளில் இவை மிகுதி. நோயாளியும் உறவினரும் இவற்றை மருந்தின் சூடு என்றோ ஒவ்வாமை என்றோ கருதுவது வழக்கம். ஆனால் இவற்றில் பெரும்பாலானவை வீங்கும் தோலுக்கும் நீளாத ஒட்டுப்பட்டைக்கும் இடையே நிகழும் இழுவிசையின் விளைவு ஆகும். தென் திருவிதாங்கூரின் பழைய அறுவை மருத்துவ மையமாகிய நெய்யூரின் வரலாற்றையும் தட்பவெப்பச் சூழலையும் பின்புலமாகக் கொண்டு, கொப்புளம் எழும் முறையையும், கட்டுப்பொருள்களின் இயல்பையும், அவற்றைத் தேர்ந்து இடும் முறையையும், இவற்றை நோயாளிக்கு விளக்கத் தேவையான தமிழ்ச் சொற்களையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச் சொற்கள்

நெய்யூர், புண்கட்டு, கொப்புளம், இழுவிசை, ஒட்டுப்பட்டை, மருத்துவத் தமிழ்.

1. முன்னுரை

அறுவை மருத்துவத்தைப் பற்றிய பேச்சில் கத்தியும் தையலும் பெறும் கவனத்தைக் கட்டு பெறுவதில்லை. அறுவை முடிந்த பின் கடைசியாகச் செய்யப்படும் சிறு பணி என்றே அது கருதப்படுகிறது. பெரும்பாலும் கையில் கிடைக்கும் பொருளைக் கொண்டு, பழகிய முறையில் கட்டு இடப்படுகிறது. ஆனால் நோயாளி வீட்டுக்கு எடுத்துச் செல்வது அந்தக் கட்டையே. அறுவையின் உட்புற வெற்றியை அவரால் காண இயலாது. கட்டின் ஓரத்தில் நீர் கோத்து நிற்கும் கொப்புளத்தை அவர் காண்கிறார். அதன் எரிச்சலை உணர்கிறார்.

இக்கொப்புளம் அழகுக் குறைபாடு மட்டுமன்று. மேல்தோல் பிரிந்த இடம் நுண்ணுயிர் நுழையும் வாயிலாகிறது. இடுப்பெலும்பு முறிவுக்கு உலோகத் தகடு பொருத்தப்பட்டவருக்கும் செயற்கை மூட்டு வைக்கப்பட்டவருக்கும் தையலுக்கு அருகே கொப்புளம் உடைந்து சீழ்ப்பிடிப்பது பேரிடராக முடியலாம். அந்நிலை வராவிடினும், வலி மிகுகிறது, நடைப்பயிற்சி தள்ளிப்போகிறது, மருத்துவமனையில் தங்கும் நாள் கூடுகிறது. கூலி வேலைக்குச் செல்லும் குடும்பத்தில் ஒரு நாள் கூடுதலாகத் தங்குவது நோயாளியுடன் துணையிருப்பவரின் ஒரு நாள் ஊதியத்தையும் இழப்பதாகும். பெருமளவுக்குத் தவிர்க்கக்கூடிய ஒன்றால் இவ்விழப்பு நேர்கிறது என்பதே இப்பொருளை ஆராய்வதற்குரிய காரணம்.

2. நெய்யூரும் அறுவை மருத்துவ மரபும்

இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் கல்குளம் பகுதியில், திங்கள்சந்தைக்கும் இரணியலுக்கும் அருகே அமைந்த ஊர் நெய்யூர். இலண்டன் மிஷன் சங்கத்தின் மருத்துவர் ஆர்ச்சிபால்ட் ராம்சே 1838இல் இங்கு வந்ததிலிருந்து இவ்வூரின் மேலை மருத்துவ வரலாறு தொடங்குகிறது. 1861இல் வந்த ஜான் லோ, உள்ளூர் இளைஞர்களுக்கு மருத்துவப் பயிற்சி அளிக்கும் முறையை வளர்த்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கக் காலத்திற்குப் பின் இம்மருத்துவமனையைப் பரவலாக அறியச் செய்தவர் தியோடர் ஹோவர்ட் சாமர்வெல். 1922ஆம் ஆண்டு எவரெஸ்ட் பயணத்தில் பங்கேற்ற அவர், அதன் பின் தென்னிந்தியாவுக்கு வந்து நெய்யூரின் தேவையைக் கண்டு, அங்கேயே பணியாற்ற முடிவு செய்தார். திருவிதாங்கூரின் தென்பகுதியில் மிகுந்திருந்த முன்சிறுகுடல் புண்ணுக்கான அறுவையில் அவர் பெயர் பெற்றார். தம் அனுபவங்களை 1940இல் நூலாக வெளியிட்ட அவர், பின்னாளில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும் பணியாற்றினார்.

இவ்வரலாற்றைப் புண்கட்டின் வரலாற்றோடு இணைத்து நோக்கினால் ஒரு செய்தி தெளிவாகிறது. ராம்சே நெய்யூருக்கு வந்தபோது நுண்ணுயிர்க் கோட்பாடு தோன்றியிருக்கவில்லை. ஜோசப் லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தைக் கொண்டு புண் அழுகலைத் தடுக்கும் முறையை 1867இல் வெளியிட்டார். பஞ்சை வலைத்துணிகளுக்கிடையே வைத்து உறிஞ்சும் மெத்தையாக்கும் முறையை 1880இல் பர்மிங்காம் நகர மருத்துவர் சாம்ப்சன் கேம்ஜி அறிமுகம் செய்தார். ஒட்டுப்பட்டைகள் இருபதாம் நூற்றாண்டில்தான் பரவின. புண்ணை ஈரப்பதத்துடன் மூடிவைத்தால் மேல்தோல் விரைந்து வளரும் என்பதை ஜார்ஜ் விண்டர் 1962இல் பன்றிகளின் மீது செய்த ஆய்வால் காட்டினார். எனவே சாமர்வெல் காலத்து அறுவையாளர் கையில் இருந்தவை பெரும்பாலும் பஞ்சும் வலைத்துணியும் சுற்றுத்துணியுமே ஆகும்.

அக்காலத்து அறுவைக்கூடங்களில் வயிற்று அறுவைக்குப் பின் பொதுவாகப் பயன்பட்ட 'பல வால் கட்டு' இங்குக் கருதத்தக்கது. அகன்ற துணியின் இரு பக்கமும் வால்போல் பல பட்டைகள் தைக்கப்பட்டிருக்கும். அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து வயிற்றைச் சுற்றி இறுக்குவர். தோலில் எதுவும் ஒட்டுவதில்லை என்பதால் ஒட்டுப்பட்டையால் எழும் கொப்புளத்துக்கு இதில் இடமில்லை. ஒட்டும் பொருள் வந்தபோது பணி எளிதாயிற்று. அதனுடன் புதிய தீங்கு ஒன்றும் வந்து சேர்ந்தது.

3. தமிழ் மரபில் கட்டும் சொல்லும்

புண்ணை மூடுதல் தமிழ் மரபுக்குப் புதிதன்று. போரில் பட்ட புண்ணை நெடிய ஊசியால் தைத்த செய்தியைப் பதிற்றுப்பத்தின் 42ஆம் பாடல் குறிக்கிறது. புண்ணில் வைத்த பஞ்சு இன்னும் களையப்படாத நிலையில் இருந்த வீரரைப் புறநானூற்றின் 353ஆம் பாடல் காட்டுகிறது. உலர்ந்த பஞ்சு குருதியில் தோய்ந்து காய்ந்துவிட்டால் புண்ணோடு ஒட்டிக்கொள்ளும். பிடுங்கும்போது புதிதாக வளர்ந்த திசுவையும் பெயர்த்தெடுக்கும். பஞ்சைக் களைவது எளிய செயலன்று என்பதை இன்றைய செவிலியரும் அறிவர்.

சித்த மருத்துவம் வகுத்துள்ள முப்பத்திரண்டு புறமருந்துகளுள் 'கட்டு', 'பற்று', 'களிம்பு', 'சீலை', 'வர்த்தி' ஆகியன இடம்பெறுகின்றன. துணியை மருந்தில் தோய்த்து இடுவது சீலை. இலை முதலியவற்றை நசுக்கியோ வதக்கியோ வைத்துக் கட்டுவது கட்டு. மூடும் பொருளையும் மூடும் செயலையும் வேறுபடுத்திப் பெயரிட்ட இந்த நுட்பம் கருதத்தக்கது. இன்றைய பேச்சுவழக்கில் 'டிரெஸ்ஸிங்' என்ற ஒரே சொல் இரண்டையும் குறிக்கிறது. அதனால் 'எந்தப் பொருள்' என்ற வினாவும் 'எப்படி இட்டார்கள்' என்ற வினாவும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. கொப்புளத்தைத் தடுப்பதில் இவ்விரு வினாக்களையும் பிரித்துக் கேட்பது இன்றியமையாதது.

மேலை அறுவை மருத்துவத்தைத் தமிழில் எழுதும் முயற்சியில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணியாற்றிய சாமுவேல் பிஸ்க் கிறீன் முன்னோடி. அவரது 'இரணவைத்தியம்' 1867இல் வெளிவந்தது. லிஸ்டரின் கட்டுரைகள் வெளிவந்த ஆண்டும் அதுவே. கிறீனின் தமிழ் மருத்துவ நூல்களுள் சில நாகர்கோவில் இலண்டன் மிஷன் அச்சகத்தில் அச்சாயின என்பது நாஞ்சில் நாட்டுக்கும் மருத்துவத் தமிழுக்கும் உள்ள உறவைக் காட்டுகிறது. நோயாளியின் மொழியில் அறுவையை விளக்க வேண்டும் என்ற நோக்கம் அன்றே இருந்தது. இன்றும் அதற்கான தேவை குறையவில்லை.

4. கொப்புளம் எழும் முறை

தோல் இரண்டு முதன்மை அடுக்குகளால் ஆனது. வெளியே இருப்பது மேல்தோல். அதற்கு அடியில் இருப்பது உள்தோல். இரண்டும் சந்திக்கும் இடம் நேர்க்கோடாக அமைவதில்லை. மேல்தோலின் முகடுகளும் உள்தோலின் குமிழ்களும் விரல்களைக் கோத்தாற்போல் ஒன்றையொன்று பற்றியிருக்கின்றன. முதுமையில் இம்முகடுகள் தட்டையாகின்றன. பற்றும் பரப்பு குறைகிறது. ஆகவே முதியவரின் தோல் சிறு இழுப்புக்கும் பிரியும் இயல்புடையது.

அறுவைக்குப் பின் அப்பகுதி வீங்குவது இயற்கை. ஓர் எளிய கணக்கு இதனை விளக்கும். ஒருவரின் தொடைச் சுற்றளவு 50 செ.மீ. எனக் கொள்வோம். வீக்கத்தால் அது 52 செ.மீ. ஆனால் ஒவ்வொரு செ.மீ. தோலும் 4 விழுக்காடு நீள வேண்டும். அத்தோலின்மேல் குறுக்காக 20 செ.மீ. நீளமுள்ள ஒட்டுப்பட்டை இருந்தால், அது 0.8 செ.மீ. நீண்டு கொடுக்க வேண்டும். நீளாத பட்டை நீண்டு கொடுக்காது. பட்டையில் ஒட்டிய மேல்தோல் அங்கேயே நிற்க, அடியிலுள்ள உள்தோல் வீக்கத்தோடு வெளிநோக்கி நகர்கிறது. இவ்விரண்டுக்கும் இடையே தோன்றும் இழுவிசை பட்டையின் நடுப்பகுதியில் குறைவாகவும் முனைகளிலும் ஓரங்களிலும் மிகுதியாகவும் குவிகிறது. பற்று தாங்காத இடத்தில் அடுக்குகள் பிரிய, அவ்விடைவெளியில் திசுநீர் நிறைகிறது. இதுவே கொப்புளம். கொப்புளங்கள் தையலின்மேல் எழாமல் பட்டையின் ஓரத்தில் வரிசையாக எழுவதற்குக் காரணம் இதுதான்.

செருப்புக் கடியால் எழும் கொப்புளத்திற்கும் இதற்கும் உறவும் உண்டு, வேறுபாடும் உண்டு. திரும்பத் திரும்ப உராய்வதால் எழும் கொப்புளத்தில் பிரிவு பெரும்பாலும் மேல்தோலின் உள்ளடுக்கிலேயே நிகழ்கிறது. ஒட்டுப்பட்டையின் இழுப்பால் எழுவதில் மேல்தோல் முழுவதும் உள்தோலிலிருந்து பிரியும் நிலை ஏற்படுகிறது. தோலின் உராய்வைப் பற்றி நெய்லர் 1955இல் வெளியிட்ட ஆய்வு, மிதமான ஈரமுள்ள தோலில் உராய்வு மிகுகிறது என்று காட்டியது. இது நெய்யூர் போன்ற ஊர்களுக்குப் பொருந்தும் செய்தி. தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழைகளையும் பெறும் இப்பகுதியில் காற்றின் ஈரப்பதம் ஆண்டின் பெரும்பகுதியில் மிகுதி. கட்டின் அடியில் வியர்வை தங்கினால் மேல்தோல் ஊறி மென்மையடைகிறது, பிரிவதற்கு எளிதாகிறது.

விசையே தோலை அழிக்கும் என்ற உண்மையைத் தமிழகம் வேறொரு துறையில் முன்பே கண்டது. வேலூரில் பணியாற்றிய பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதப்புண்களுக்கு நோய்க்கிருமி நேரடிக் காரணமன்று என்றும், உணர்விழந்த பாதத்தின்மேல் நடையால் விழும் அழுத்தமும் இழுவிசையுமே காரணம் என்றும் நிறுவினார். மருந்தை மாற்றுவதை விடக் காலணியை மாற்றுவது பயன்தந்தது. புண்கட்டிலும் நிலை இதுவே. கொப்புளத்துக்குக் களிம்பைத் தேடுவதற்கு முன் விசையைக் குறைக்கும் வழியைத் தேட வேண்டும்.

5. பிற காரணங்களிலிருந்து வேறுபடுத்துதல்

கட்டைச் சுற்றி எழும் எல்லாக் கொப்புளங்களும் இழுவிசையால் எழுந்தவை அல்ல. ஒட்டுபசையின் ஒவ்வாமையில் அரிப்பு முதன்மையானது. சிவப்பும் நுண்கொப்புளங்களும் பட்டையின் முழு வடிவத்தையும் அச்செடுத்தாற்போல் பரவும். நுண்ணுயிர்க்கொல்லிக் கரைசல் உடலின் அடியில் தேங்கி நெடுநேரம் தோலில் பட்டிருந்தால் வேதிப்புண் எழும். எலும்பு முறிவின் வீக்கத்தாலேயே அறுவைக்கு முன் கொப்புளங்கள் எழுவதுண்டு. அக்கி, கொப்புள நோய்கள் ஆகியவற்றையும் கருதிப் பார்க்க வேண்டும். ஓரங்களில் மட்டும், அரிப்பின்றி, வீக்கம் உச்சமடையும் முதல் சில நாள்களில் எழுவது இழுவிசைக் கொப்புளத்தின் அடையாளம். இவ்வேறுபாட்டை அறியாவிடில், பசை ஒவ்வாமை என்று பதிவாகி, நோயாளிக்குப் பின்னாளில் தேவையற்ற தடை நேரலாம். உண்மைக் காரணம் திருத்தப்படாமல் அடுத்த நோயாளிக்கும் அதே கொப்புளம் எழலாம்.

6. கட்டுப்பொருள்களின் இயல்பு

நல்ல கட்டுக்குரிய பண்புகளைத் தொகுத்தால் அவை ஏழாகும்: தோலோடு நீள்தல், கசிவை உறிஞ்சுதல், நீராவியை வெளிவிடுதல், நீரையும் நுண்ணுயிரையும் தடுத்தல், புண்ணில் ஒட்டாமை, வலியின்றி அகலுதல், கட்டுப்படியாகும் விலை. எந்தப் பொருளும் ஏழையும் முழுமையாகப் பெற்றிருப்பதில்லை. எனவே தேர்வு என்பது எதை விட்டுக்கொடுப்பது என்ற முடிவே ஆகும்.

வலைத்துணியும் ஒட்டுப்பட்டையும் எங்கும் கிடைப்பவை, விலை குறைந்தவை. உறிஞ்சும் திறன் உண்டு. ஆனால் வலைத்துணி புண்ணில் ஒட்டும். நீளாத பட்டை இழுக்கும். ஈரமானவுடன் மாற்ற வேண்டியிருப்பதால் பட்டை பலமுறை உரிக்கப்படும். ஒவ்வோர் உரிப்பிலும் மேல்தோலின் மெல்லிய படலம் ஒன்று பெயர்கிறது.

நடுவில் மெத்தையும் சுற்றிலும் ஒட்டும் துணியும் கொண்ட ஆயத்தக் கட்டு பயன்படுத்த எளிது. இதில் ஓரத்துணி எந்த அளவு நீள்கிறது என்பதே கவனிக்கத்தக்கது.

பாலியூரித்தேன் படலம் ஒளி ஊடுருவுவது, மெல்லியது, நீராவியை வெளிவிடுவது, தோலோடு ஓரளவு நீள்வது. கட்டைப் பிரிக்காமலே புண்ணைக் காணலாம். தனியே உறிஞ்சும் திறன் இல்லாததால் கசிவு மிகுந்த புண்ணில் நீர் தேங்கும். மெத்தையுடன் சேர்ந்த படலம் இக்குறையை ஓரளவு தீர்க்கிறது.

ஐட்ரோகொலாய்டு எனப்படும் கூழ்மக் கட்டு ஈரத்தை உறிஞ்சிக் கூழாக மாறுவது, நெகிழ்வுடையது, பல நாள் தங்குவது. கசிவை உறிஞ்சிக் கூழாகும் இழைக்கட்டை உள்ளேயும் கூழ்மக் கட்டை வெளியேயும் இணைக்கும் முறை ஸ்காட்லாந்தின் கோல்டன் ஜூபிலி மருத்துவமனையில் மூட்டு அறுவைக்கென வகுக்கப்பட்டு, 'ஜூபிலி முறை' என்ற பெயரைப் பெற்றது.

மென் சிலிக்கோன் பசை கொண்ட நுரைக்கட்டு தோலை மெல்லப் பற்றுகிறது. உரிக்கும்போது மேல்தோலைப் பெயர்ப்பது மிகக் குறைவு. முதியவர், நெடுநாள் ஸ்டீராய்டு உட்கொண்டவர், கதிர்வீச்சு பெற்ற தோலுடையவர் ஆகியோருக்கு இதன் பயன் மிகுதி. நெய்யூரில் புற்றுநோய் சிகிச்சை மையமும் இயங்குவதால் கதிர்வீச்சுற்ற தோலைப் பற்றிய இக்குறிப்பு அவ்வூருக்கு நேரடிப் பொருத்தமுடையது. விலையே இதன் தடை.

7. ஒப்பீட்டு ஆய்வுகள் உணர்த்துவன

இடுப்பு அறுவைக்குப் பின் நீளாத பட்டையையும் நீளும் துளைத்துணிப் பட்டையையும் ஒப்பிட்டு நியூயார்க்கைச் சேர்ந்த கோவல் குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வில், நீளும் பட்டையிட்டவர்களிடையே கொப்புளம் கணிசமாகக் குறைந்திருந்தது. பட்டையின் நீளும் தன்மையில் உள்ள வேறுபாடே கொப்புள அளவை மாற்றியது என்பது இழுவிசை விளக்கத்துக்கு வலுச்சேர்க்கிறது.

பிரித்தானியாவில் கோஸ்கர் குழுவினர் எலும்பு அறுவை நோயாளிகளிடம் மூன்று வகைக் கட்டுகளை ஒப்பிட்டு 2005இல் வெளியிட்ட ஆய்வில், கொப்புளம் எழுந்தோர் அளவு கட்டின் வகைக்கேற்ப 6 விழுக்காடு முதல் 24 விழுக்காடு வரை வேறுபட்டது. மெத்தையுடன் கூடிய நெகிழ்படலக் கட்டில் அது குறைவாகவும், துணி ஓரமுடைய எளிய கட்டில் மிகுதியாகவும் இருந்தது. கட்டு ஒன்றின் விலையை மட்டும் நோக்காமல், எத்தனை முறை மாற்றப்பட்டது, கொப்புளத்தால் எத்தனை நாள் கூடின என்பவற்றையும் சேர்த்தே செலவைக் கணக்கிட வேண்டும் என்பது இவ்வகை ஆய்வுகள் தரும் பாடம்.

இவை வேறு தட்பவெப்பத்தில் செய்யப்பட்டவை என்பதை மறத்தலாகாது. வியர்வை மிகுந்த சூழலில் நீராவியை வெளிவிடும் திறனுக்கு இன்னும் கூடுதல் இடம் தர வேண்டும். நீள்தல் என்ற பண்பின் முதன்மை எச்சூழலிலும் மாறாது.

உள்ளூர்ப் பொருள்களைப் பற்றிய இந்திய ஆய்வு ஒன்றும் இங்கு நினைக்கத்தக்கது. மும்பையில் கோரேயும் அகோலேகரும் நுண்ணுயிர் நீக்கிய வாழையிலையைத் தீப்புண்ணின் மேற்கட்டாகப் பயன்படுத்தி 2003இல் ஆய்வு வெளியிட்டனர். மெழுகுப்பூச்சுடைய வழவழப்பான இலை புண்ணில் ஒட்டாததால் கட்டு மாற்றும்போது வலி குறைந்தது. வாழை மிகுந்த நாஞ்சில் நாட்டினர்க்கு இது மகிழ்வளிக்கும் செய்தி. ஆனால் திறந்த தீப்புண்ணுக்குப் பொருந்துவதைத் தையலிட்டு மூடிய அறுவைப்புண்ணுக்கு அப்படியே ஏற்றல் கூடாது. இங்குக் கொள்ளத்தக்கது இலையன்று. ஒட்டாமை என்னும் கொள்கையே.

8. இடும் முறையும் அகற்றும் முறையும்

சிறந்த பொருளும் தவறாக இடப்பட்டால் கொப்புளத்தை எழுப்பும். நெகிழும் கட்டை இழுத்துப் பிடித்து ஒட்டினால், அது மீண்டும் சுருங்க முயன்று தோலையும் உடன் இழுக்கிறது. நெகிழ்ச்சி என்ற நன்மையே தீமையாக மாறும் இடம் இது. ஆகவே கீழ்க்காணும் நெறிகள் பொருளின் தேர்வுக்கு இணையான முதன்மை உடையவை.

முதலாவதாக, நுண்ணுயிர்க்கொல்லிக் கரைசல் முழுமையாக உலர்ந்த பின்னரே கட்டு இட வேண்டும். இரண்டாவதாக, கட்டை நடுவில் வைத்து, இழுக்காமல், இரு ஓரங்களையும் நோக்கி மெல்லத் தடவி ஒட்ட வேண்டும். மூன்றாவதாக, மூட்டின்மேல் இடும்போது அம்மூட்டைச் சற்று மடக்கிய நிலையில் இட வேண்டும். நீட்டிய முழங்காலில் இட்ட கட்டு, நோயாளி உட்காரும்போது தோலை இழுக்கும். நான்காவதாக, ஒட்டுப்பட்டையைக் கை கால்களை முழுமையாகச் சுற்றி ஒட்டலாகாது. ஐந்தாவதாக, குருதிக்கசிவைத் தடுக்க அழுத்தம் தேவைப்பட்டால், அதனை ஒட்டுப்பட்டையால் தராமல் தனியே சுற்றும் நெகிழ்துணியால் தர வேண்டும். ஆறாவதாக, நனையாத, இளகாத கட்டைக் காரணமின்றி மாற்றலாகாது.

அகற்றும்போது பட்டையை மேல்நோக்கிப் பிடுங்காமல், தோலுக்கு இணையாக மடக்கி, மெதுவாக உரிக்க வேண்டும். மறுகை விரலால் தோலைத் தாங்கிக்கொள்ள வேண்டும். படலக் கட்டாயின் ஓரத்தைத் தோலுக்கு இணையாகப் பக்கவாட்டில் நீட்டினால் பசை தானே விடும். அடிக்கடி மாற்ற வேண்டிய புண்ணுக்கு மாண்ட்கோமரி பட்டை என்னும் பழைய முறை இன்றும் பயனுடையது. புண்ணின் இருபுறமும் துளையுள்ள பட்டைகளை ஒருமுறை ஒட்டி, துளைகளின் வழியே நாடாவைக் கோத்துக் கட்டினால், அடுத்தடுத்த மாற்றங்களில் நாடாவை அவிழ்த்தால் போதும். தோலில் ஒட்டிய பட்டையை உரிக்க வேண்டியதில்லை.

கொப்புளம் எழுந்துவிட்டால் அதனை உண்டாக்கிய பட்டையை முதலில் நீக்க வேண்டும். உடையாத சிறு கொப்புளத்தின் மேல்தோலே அதற்குச் சிறந்த மூடி. அதனைக் கிள்ளியோ குத்தியோ விடலாகாது. இறுகி வலிக்கும் பெரிய கொப்புளத்தின் நீரை மருத்துவரே நுண்ணுயிரற்ற முறையில் எடுக்க வேண்டும். உடைந்ததை ஒட்டாத கட்டால் மூடி, சிவப்பு, சீழ், காய்ச்சல் ஆகியன தோன்றுகின்றனவா என நாள்தோறும் நோக்க வேண்டும்.

9. நெய்யூர்ச் சூழலில் தேர்வு

நெய்யூர் போன்ற ஊரின் மருத்துவமனைக்கு வருவோர் குளச்சல், முட்டம் கடற்கரையின் மீனவரும், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தின் இரப்பர்த் தோட்டத் தொழிலாளரும், வயல் வேலை செய்வோரும் ஆவர். வீடு திரும்பியதும் ஈரமும் வியர்வையும் உடைய பணிச்சூழலுக்கு நெருக்கமாகவே அவர்கள் வாழ்வர். எல்லோருக்கும் உயர்விலைக் கட்டு என்பது நடைமுறைக்கு ஒவ்வாது. எல்லோருக்கும் பழைய பட்டை என்பதும் முறையன்று. இடரை அளந்து பகுத்துக் கொடுப்பதே தக்க வழி.

இளவயதினர், மூட்டை ஒட்டாத சிறு அறுவை, வீக்கம் குறைவு என்னும் நிலையில் ஒட்டாத வலைத்துணியும் நீளும் துணிப்பட்டையும் போதுமானவை. இடுப்பு, முழங்கால் அறுவை பெற்றவருக்கு மெத்தையுடன் கூடிய நெகிழ்படலமோ கூழ்மக் கட்டோ தேவை. முதியவர், ஸ்டீராய்டு உட்கொள்வோர், கதிர்வீச்சுற்ற தோலுடையோர், முன்பு கொப்புளம் எழுந்தோர் ஆகியோருக்குச் சிலிக்கோன் கட்டை ஒதுக்கலாம். அது கிடைக்காதபோது ஒட்டுபசையே இல்லாமல் மெத்தையும் தளர்ந்த சுற்றுத்துணியுமாகக் கட்டலாம். இவ்வாறு நோக்கினால் பல வால் கட்டின் கொள்கை வழக்கொழிந்த ஒன்றன்று என்பது புலனாகும்.

10. விளக்கும் மொழி

சூடுபட்டுத் தோல் எழும்புவதைக் குறிக்கும் 'பொள்ளுதல்' என்ற வினை குமரி வட்டாரத்தில் வழக்கிலுள்ளது. கட்டின் ஓரத்தில் நீர்கோத்த தோலைக் கண்டவர் "பொள்ளிப் போச்சு" என்று கூறுவது இயல்பே. ஆனால் சொல் காரணத்தையும் உடன் சுமந்து வருகிறது. பொள்ளுவதற்குச் சூடு வேண்டும். ஆகவே மருந்து சூடானது என்ற முடிவு பிறக்கிறது. அதனால் நோயாளி மருந்தை நிறுத்துகிறார், அல்லது குளிர்ச்சிக்கென எண்ணெயோ பற்றோ இடுகிறார். தையலுக்கு அருகே இது இடர் தருவது.

'இழுவைக் கொப்புளம்' என்ற சொல்லைச் செவிலியரும் மருத்துவரும் வழங்கத் தொடங்கினால், காரணமும் தீர்வும் அச்சொல்லிலேயே அமைந்துவிடும். இழுப்பதால் வந்தது எனின், இழுக்காதபடி மாற்ற வேண்டும் என்பது விளக்கமின்றியே புரியும். வீட்டுக்குச் செல்வோரிடம் "கட்டு இறுகுவதுபோல் தோன்றினாலும் ஓரத்தில் எரிந்தாலும் அன்றே வந்து காட்டுங்கள், நீங்களே பிய்க்க வேண்டாம்" என்று சொல்லி அனுப்புவது எந்த விலையுயர்ந்த பொருளுக்கும் குறையாத காப்பாகும்.

11. முடிவுரை

அறுவைக்குப் பின் கட்டின் ஓரத்தில் எழும் கொப்புளம் பெரும்பாலும் வீங்கும் தோலுக்கும் நீளாத பட்டைக்கும் இடையேயான இழுவிசையின் விளைவு. நீளும் பொருளைத் தேர்தல், இழுக்காமல் இடுதல், தேவையின்றி மாற்றாமை, மெல்ல உரித்தல் ஆகிய நான்கும் அதனைக் குறைக்கும். இவற்றுள் பொருட்செலவு கோருவது ஒன்றே; ஏனைய மூன்றும் கைப்பழக்கத்தால் அமைபவை. ஈரப்பதம் மிகுந்த தென்குமரிச் சூழலில் எவ்வகைக் கட்டு எந்த அளவு கொப்புளத்தை எழுப்புகிறது என்பதை அவ்வூர் மருத்துவமனைகளே பதிவு செய்து ஒப்பிடுவது அடுத்துச் செய்யத்தக்க ஆய்வாகும். அதற்குப் புதிய கருவிகள் வேண்டியதில்லை. கட்டு மாற்றும் ஒவ்வொரு முறையும் எந்தக் கட்டு, எந்த நாள், கொப்புளம் உண்டா இல்லையா என்ற மூன்று செய்திகளை நோயாளியின் பதிவேட்டில் எழுதினால் போதும். மருத்துவத்தைத் தமிழில் கற்பிக்க முயன்ற மரபுடைய மண்ணில், அப்பதிவு தமிழிலேயே அமைவது பொருத்தமுடையது.